பழைய ஃபியட்டும் பத்தாயிரம் ரூபாயும்

"இன்னுமா சார் இந்த வண்டியை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" எங்கள் சொசைட்டியில் இதைக் கேட்காதவர் பாக்கியில்லை. கேட்கும்போதே காரணத்தையும் அவர்களாகத் தீர்மானித்துவிடுகிறார்கள். ஒன்று, மனுஷன் கஞ்சன்; அல்லது, பழைய ஞாபகங்களை விட மனசில்லாதவன். இரண்டுமே தப்பு. எனக்கு என் வண்டி பிடித்திருக்கிறது, சொன்னபடி கேட்கிறது, அவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட வண்டிகளை வயதை மட்டும் காட்டி விரட்டுவது நியாயமுமில்லை.

வண்டி 1989ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி. நம்மவர்கள் வாயில் அது என்றைக்கும் 'ஃபியட்'தான். இத்தாலியின் ஃபியட் கம்பெனி வடிவமைத்த '1100 டி' மாடலை, வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் குர்லாவில் தயாரித்தது. இத்தாலியில் அந்த 1100 வரிசை 1969உடன் முடிந்துவிட்டது. நாம் மட்டும் போன நூற்றாண்டு முடியும்வரை அதை விடவில்லை. ஆக, பேர் சித்தூர் ராணியுடையது, உடம்பு இத்தாலியுடையது, பிறந்த ஊர் குர்லா. (நம் பிள்ளைகளும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வளர்ந்தார்கள்.)

1996இல் ஒரு பார்சிப் பெரியவரிடம் செகண்ட் ஹாண்டாக வாங்கினேன். 'பார்சி ஓட்டிய வண்டி' என்றால் இந்த ஊரில் கேள்வியே கேட்க வேண்டாம். எஞ்சினைத் துடைத்துத் துடைத்து, வீட்டு வெள்ளிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தார்.

1089 சி.சி. எஞ்சின். இன்றைய சின்னக் கார்கள்கூட இதைச் சுலபமாக முந்திப் போகும். போகட்டும். காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, சத்தம் சீரானதும் மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். எந்த அளவு, எத்தனை நேரம் என்பது கைக்குத்தான் தெரியும், எழுதிக் காட்ட முடியாது. கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருப்பதால் முன் சீட்டு ஒரே பெஞ்சு. மாட்டுங்காவில் வாங்கிய வாழையிலைக் கட்டும் பூப்பையும் எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்து வரும். ஜன்னல் ஓரத்தில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறதே, அதைக் கொஞ்சம் திருப்பினால் போதும், செம்பூர் வந்து சேரும்வரை முகத்தில் காற்று. ஏ.சி. இல்லையே என்று பரிதாபப்படுகிறவர்கள் ஒரு நாள் மாலை என்னோடு வந்து பார்க்கலாம்.

ஆனால் உண்மையான திருப்தி வேறு. பானெட்டைத் திறந்தால் தரை தெரிகிறது! எது எங்கே இருக்கிறது, எது எதற்காக இருக்கிறது என்று புரிகிறது. மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகவில்லையா, டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தால் பாதி நாள் சரியாகிவிடும். மே மாதம் கண்டாலா காட் ஏற்றத்தில் நின்றுவிட்டதா, சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்திருக்கும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, கொண்டுவந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அதுவே வழிக்கு வந்துவிடும். மாப்பிள்ளையின் புது வண்டியில் ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏதோ சென்சாராம். நாலு நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. என்ன கோளாறு என்று அவருக்கும் தெரியாது, பில் போட்டவருக்கும் தெரியாது.

சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. பம்பின் டயாஃப்ரம், பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற மாதிரி மாற்ற வேண்டியிருந்தது. சயானில் என் மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே டாப்பெட் சரி செய்வார். அவர் மகன் மொபைல் கடை வைத்திருக்கிறான். என் கவலை வண்டியின் வயதைப் பற்றியல்ல, அவருடைய வயதைப் பற்றித்தான்.

அரசாங்கத்துக்கோ வண்டியின் வயதுதான் கணக்கு. தனியார் காருக்கு 15 வருடம் ஆனபின், 5 வருடத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ.வில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். சரி, காட்டுகிறோம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. 2025இல், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்றார்கள். வண்டி எப்படி இருக்கிறது, எவ்வளவு ஓடுகிறது என்ற கேள்வியே இதில் இல்லை. மாதம் 200 கிலோமீட்டர் ஓடுகிற என் ஃபியட்டுக்கும், தினம் புகை கக்கிக்கொண்டு ஓடுகிற இன்னொரு கிழட்டு வண்டிக்கும் ஒரே தொகை. டாக்சிகளின் கதை தனி. அவை நாள் முழுதும் ஓடுகிறவை, 20 வருட வரம்பு அவற்றுக்குப் பொருந்தும். 2023 அக்டோபர் 30 முதல் மும்பைத் தெருக்களில் பத்மினி டாக்சி இல்லை. வருத்தம்தான், ஆனால் குறை சொல்ல மாட்டேன்.

புகையையும் மறைக்க வேண்டாம். புது வண்டியைவிட இது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிகப் புகை விடத்தான் செய்யும். அதற்குத்தானே ஆறு மாதத்துக்கொரு பி.யு.சி.? 2000க்கு முந்தைய பெட்ரோல் கார்களில் கார்பன் மோனாக்சைடு 3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தச் சோதனையை ஒழுங்காக, கண்டிப்பாகச் செய்யட்டும். தோற்ற வண்டியை, அது என்னுடையதானாலும், உடைக்க அனுப்பட்டும். ஏர்பேக் இல்லாத இந்த வண்டியைக் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யவும் மாட்டேன். பூனா எக்ஸ்பிரஸ்வேக்கு எடுத்துக்கொண்டு போவதுமில்லை. செடாநகர் முருகன் கோயில், மாட்டுங்கா, மார்க்கெட், இவ்வளவுதான் அதன் உலகம்.

அடுத்த புதுப்பிப்பு 2029இல். அப்போது வண்டிக்கு 40 நடந்துகொண்டிருக்கும். பத்தாயிரத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் ஒரு உதவி வேண்டும். நம் அன்பர்களில் பலர் ஒரு காலத்தில் ஃபியட் வைத்திருந்தவர்கள். பரணில் ஏதாவது பழைய சாமான் கிடக்கும். காயலான் கடைக்குப் போடுமுன் சங்கத்து ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முக்கியமாக அந்த முக்கோணக் கண்ணாடியின் ரப்பர், இடது பக்கத்துக்கு. குர்லா சி.எஸ்.டி. ரோடு முழுக்கத் தேடிவிட்டேன், வலது பக்கத்து ரப்பர்தான் கிடைக்கிறது.