ரொட்டிக்குள் சொசேஜஸ்

சம்பளம் வாங்கி டவுனுக்குப் போய்வரும் பைகளில் இப்போது ஒரு சொசேஜஸ் பக்கற்றும் இருக்கிறது. விடியற்காலையில் பிரட்டுக்கு ஓடும் தாய்க்கு, ஐந்து நிமிடத்தில் பொரித்து ரொட்டிக்குள் சுருட்டிக் கொடுக்க அதைவிட இலகுவான கறி கிடையாது. தாய்மாரில் குறைபிடிக்க நாம் இதை எழுதவில்லை. ஆனால் "இறைச்சிதானே, பிள்ளைக்குச் சத்து" என்ற பேச்சை ஏற்க முடியாது.

சொசேஜஸ் என்பது இறைச்சியோடு கொழுப்பும் மாவும் உப்பும் தண்ணீரும் சேர்த்து அரைத்தது. 100 கிராமில் புரதம் பெரும்பாலும் 10 முதல் 15 கிராம்தான்; உப்பு 2 கிராம் அளவில் இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று அதன் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 வீதம் கூடுமாம். திருவிழாவுக்கு ஒருநாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் என்பதுதான் கெடுதி.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. கோதுமை மாவில் குறைவாக உள்ள புரதக் கூறு பருப்பில் தாராளமாக இருக்கிறது. ரொட்டியும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். நெத்தலியை முள்ளோடு தின்றால் கல்சியம் கிடைக்கும், உப்புப் போக நன்றாகக் கழுவினால் சரி. வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கூடவே தேத்தண்ணி குடித்தால் அது குறைந்துபோகும். நாம் பறித்த கொழுந்துதான், என்றாலும் ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிப்போம்.

2016ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முழு நாட்டிலும் அது 17.3 வீதம். இதைச் சொசேஜஸ் மேல் போட்டுவிட்டு நிர்வாகங்கள் தப்ப முடியாது. பருப்பை அவிக்கவும் நேரம் வேண்டும், முட்டை வாங்கவும் கையில் காசு வேண்டும். சம்பளப் பேச்சில் கணக்குப் பார்ப்பவர்கள் அரிசி, மாவோடு நிறுத்தாமல் முட்டையையும் பருப்பையும் சேர்த்துக் கணக்கிடட்டும். பிள்ளை மடுவத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் காலையில் ஒரு முட்டை அல்லது அவித்த பயறு கொடுக்க வேண்டும் என்பது எமது கோரிக்கை. தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிமாரும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்க வேண்டும்.