லாரியில் சங்கிலி இருக்கிறதா என்று கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. லாரித் தொழிலில் இருப்பவர்களும், வீட்டில் லாரி ஓட்டுபவர் இருப்பவர்களுமாவது கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நேஷனல் பர்மிட் லாரி ஓட்டுகிறான். பேச்சோடு பேச்சாக, காஷ்மீரில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு ஜம்மு நோக்கி இறங்கிய கதையைச் சொன்னான். பகலில் உருகிய பனி சாயங்காலம் மறுபடி இறுகி, ரோடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்திருக்கிறான். சக்கரம் நின்றது, லாரி நிற்கவில்லை. மலைப் பக்கமாகச் சரிந்து பாறையில் இடித்து நின்றது. மறுபக்கம் பள்ளத்தாக்கு.

"டயருக்குச் சங்கிலி போடலையாப்பா?" என்றேன்.

"முதலாளி வாங்கித் தரல சார். வருஷத்துக்கு ஒரு நடை போற ரூட்டுக்கு எதுக்குன்னுட்டாரு. நானும் இருபது டன் லோடு இருக்கே, வெயிட்டுக்கு வழுக்காதுன்னு நெனச்சேன். எடை கூடினா உராய்வு கூடும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க" என்று சிரித்தான்.

என்னால் சிரிக்க முடியவில்லை. நான் நடத்திய பாடத்தில் பாதியை அவன் நினைவு வைத்திருக்கிறான். மீதிப் பாதியை நான் சொல்லவே இல்லை. அதை இப்போது சொல்கிறேன்.

எடை கூடினால் உராய்வு கூடும், சரிதான். ஆனால் வண்டியை நிறுத்தத் தேவைப்படும் விசையும் அதே அளவு கூடும். ஆக, லோடு ஏற்றியதால் லாபம் இல்லை. மிஞ்சுவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு மட்டும். காய்ந்த தார் ரோட்டில் அது சுமார் 0.7. பனிக்கட்டியின் மேல் சுமார் 0.1. இங்கே 30 மீட்டரில் நிற்கும் வண்டி அங்கே 200 மீட்டர் வரை ஓடும்.

சங்கிலி என்ன செய்கிறது? சேற்று வயலில் இறங்கும் டிராக்டருக்கு கேஜ் வீல் மாட்டுகிறோம் அல்லவா, அதே வேலைதான். டயரின் குறுக்கே ஓடும் இரும்புக் கண்ணிகள் பனிக்குள் அழுந்திக் கடித்துப் பிடிக்கும். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஓட்டக்கூடாது என்பது போலவே, பனி இல்லாத இடம் வந்ததும் சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ரோடும் கெடும், டயரும் கெடும், சங்கிலியும் அறும்.

"பனி டிசம்பரில்தானே" என்று சிலர் சொல்வார்கள். 2018 நவம்பரை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 16ஆம் தேதி கஜா புயல் நம் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. அதே மாதத் தொடக்கத்தில் காஷ்மீரில் பருவம் முந்திப் பெய்த பனி ஆப்பிள் மரங்களை முறித்துப் போட்டது. மறு ஆண்டு நவம்பரிலும் அப்படியே. ஆப்பிள் லோடு ஓடும் காலமும் அதுதான். காசிகுண்ட் - பனிஹால் இடையே எட்டரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை 2021இல் திறந்துவிட்டார்கள், உண்மை. ஆனால் சுரங்கத்துக்குள் பனி பெய்யாதே தவிர, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ரோட்டில் பெய்யும்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், அறிவிக்கப்பட்ட மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கனரக லாரிகள் சங்கிலி வைத்திருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை. அன்றைக்குப் பனி பெய்கிறதா என்பது கேள்வியே இல்லை. பெய்த பிறகு நடுவழியில் எங்கே போய்ச் சங்கிலி தேடுவது?

என் கருத்து இதுதான். சங்கிலி என்பது ஜாக்கி, ஸ்டெப்னி மாதிரி வண்டியின் சாமான். வண்டிக்கு உடையவர்தான் வாங்க வேண்டும். டிரைவரின் பேட்டாவில் பிடிக்கக்கூடாது. டீசல், டோல், டியூ என்று முதலாளிகள் படும் பாடும் எனக்குத் தெரியும், என் மாணவர்களில் லாரி உரிமையாளர்களும் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: டிராக்டர் ஓட்ட வரும் பையனிடம், "கேஜ் வீலை நீயே வாங்கிக்கொண்டு வா" என்று எந்த நிலக்காரராவது சொல்வாரா? என் மாணவனுக்கோ, இடித்த சேதத்தையும் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். இது நியாயமே இல்லை.

டிரைவர் தம்பிகளுக்குச் சில வார்த்தைகள். முதல் முறையாகப் பனியில் நின்று, விரல் விறைத்த நிலையில் மாட்டிப் பழகாதீர்கள். கிளம்பும் முன்பே ஷெட்டில் ஒரு முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். என்ஜின் இழுக்கும் பின்சக்கரங்களில் மாட்ட வேண்டும். ஏற்றம் தொடங்குவதற்கு முன், சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு மாட்டுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, தளர்ந்திருந்தால் மறுபடி இறுக்குங்கள். மெதுவாகவே ஓட்டுங்கள். பின்சக்கரச் சங்கிலி முன்சக்கரம் வழுக்குவதைத் தடுக்காது, வளைவில் அது நினைவிருக்கட்டும்.

போலீஸ் ரோட்டை மூடிவிட்டால் சங்கிலி இருக்கிறதே என்று கிளம்பாதீர்கள். சரக்கு அனுப்பும் வியாபாரிகளே, அப்படி நிற்கும் நாட்களுக்கு ஹால்டிங் காசு கொடுங்கள். காசு கிடைக்காது என்ற பயம்தான் பல டிரைவர்களை இருட்டில் மலை இறங்க வைக்கிறது.

மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டு கட்டினால் போதும் என்று வளர்ந்த பிள்ளைகள் நம் ஊர்ப் பிள்ளைகள். அந்த ஊர்ப் பனி அவர்களுக்குத் தெரியாது. அதனால் வடக்கே கிளம்பும்போது, "சாப்பிட்டியா, போன் சார்ஜர் எடுத்துக்கிட்டியா" என்று கேட்கும் அம்மாக்களும் மனைவிமார்களும் இன்னொன்றும் சேர்த்துக் கேளுங்கள்: "வண்டியில சங்கிலி இருக்கா?"

இல்லை என்றால், முதலாளிக்கு நீங்களே போன் போடுங்கள். என் பெயரைச் சொன்னாலும் சரி.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்