சத்தம் என்றொரு சொல்



"நேரமாச்சு, அப்பா சத்தம் போடுவார்" என்று அம்மா சொன்னால், அங்கே பேச்சு ஒலியைப் பற்றியதல்ல, கண்டிப்பைப் பற்றியது. "ராத்திரியில ஏதாவதுன்னா ஒரு சத்தம் குடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது ஆதரவு. "சத்தமில்லாம கல்யாணத்தை முடிச்சிட்டாங்க" என்பதிலோ மனத்தாங்கல். அந்தக் கல்யாணத்தில் தவிலும் நாதஸ்வரமும் ஊரைக் கூட்டியிருக்கலாம். நமக்குத்தான் அழைப்பு வரவில்லை. மாட்டுவண்டி ஓடிய நாளில் வாடகைக்கே வண்டிச்சத்தம் என்றுதான் பெயர்; சத்தம் பேசி முடித்த பிறகே மூட்டை ஏறும்.

வடமொழியின் சப்தம் தமிழ் நாவில் சத்தமாகி, இத்தனை உறவுகளோடு நம்மிடம் தங்கிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஆனால், காதில் விழும் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றையே எழுதுகிறோமே என்பதுதான் என் வருத்தம். "பெரிய சத்தம் கேட்டது" என்று ஒரு கதையில் படிக்கிறேன். வெடித்தது டயரா, இடிந்தது சுவரா? தெரிவதில்லை.

ஆரவாரத்தைக் குறிக்க மட்டும் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என நான்கு சொற்களைத் தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறது. அவை பேச்சிலிருந்து போய்விட்டன. போகாதவை ஏராளம். கடல் இரைகிறது, இடி முழங்குகிறது, யானை பிளிறுகிறது, புலி உறுமுகிறது. வகுப்பில் கூச்சல், கடைத்தெருவில் சந்தடி, கூட்டத்தில் அமளி, அம்மன் கோயில் வாசலில் குலவை. இரட்டைக்கிளவிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மடமடவென' என்று எழுதினாலே மரம் முறிவது கண்ணில் தெரிகிறது; 'தடதடவென' என்றால் ரயில் பாலத்தில் ஏறிவிடுகிறது. இவற்றை விட்டுவிட்டு வெறும் சத்தம் என்று எழுதுவது, கையில் இருக்கும் செல்வத்தைச் செலவழிக்காமலே இழப்பது.

நெல் அரவை ஆலையில், விசைத்தறிக் கூடத்தில், மீன் ஏலம் நடக்கும் கரையில் வேலை செய்கிறவர்கள் அங்கே எழும் ஒலிகளை எப்படிச் சொல்கிறார்கள்? அகராதியில் ஏறாத சொற்கள் அங்கே நிச்சயம் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். சொல்லை மட்டும் அனுப்பாமல், யார், எந்த நேரத்தில், எதைப் பார்த்து அப்படிச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரும் இதழ்களில் உங்கள் பெயர், ஊரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்