தொண்டர் தீயணைப்புச் சங்கங்களும் சர்க்கார் உதவியும்

ஈரம் உலராத புல்லைக் கட்டி அடுக்கினால் அது உள்ளே புழுங்கிச் சூடேறித் தானே தீப்பற்றக் கூடும் என்பதைப் பண்ணையாளர் அறிவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிராமங்களில் இவ்விதம் ஒரு கொட்டகை எரியும்பொழுது அணைக்க ஓடி வருவோர் பெரும்பாலும் சம்பளம் பெறும் சேவகர் அல்லர். அவ்வூர்ப் பண்ணையாளரும் கடைக்காரருமாகிய தொண்டர்களே. 1736-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் முதலானோர் பிலடெல்பியா நகரில் சங்கம் நிறுவிய நாள் தொட்டு இவ்வழக்கம் அந்நாட்டில் வேரூன்றி வந்திருக்கிறது.

இத்தொண்டர்களுக்கு ஊக்கத்தில் குறைவில்லை; பணத்திலேதான் குறைவு. விருந்து நடத்திச் சேர்க்கும் தொகை குழாய்க்குப் போதும், வண்டிக்குப் போதாது. ஆதலின் சர்க்கார் உதவி இன்றியமையாததாகும். பென்சில்வேனியா ராஜ்யம் 1976-ம் வருஷச் சட்டத்தின் வழியே நூற்றுக்கு 2 வட்டியில் கடன் அளிக்கிறது. மத்திய விவசாய இலாகா, 20,000 ஜனத்தொகைக்கு மேற்படாத ஊர்களுக்குக் கட்டடத்திற்கும் வண்டிக்கும் கடனும் மானியமும் வழங்குகிறது. 2001 முதல் மத்திய சர்க்கார் வழங்கி வரும் தீயணைப்போர் மானியத்திற்கு, அத்தகைய சிற்றூர்ச் சங்கம் மானியத் தொகையில் நூற்றுக்கு 5 பங்கு மட்டும் தன் கைப்பொருளாக இட்டால் போதுமானது.

வழிகள் இத்தனை இருந்தும் வறிய சங்கம் வெறுங்கையுடன் நிற்க நேருவது ஏன்? தேவை இல்லாமையால் அன்று. தேவையை மெய்ப்பிக்கும் கணக்கு இல்லாமையாலேயே என்பது எமது அபிப்பிராயம். "எங்கள் வண்டி பழையது" என்று எழுதுவது மனு ஆகாது. வண்டி எந்த வருஷத்தது, சென்ற வருஷம் எத்தனை முறை பழுதாயிற்று, எத்தனை தீ விபத்துகளுக்குச் சென்றது, எத்தனை பேர் வந்தனர், அங்கிகள் எத்தனை வருஷம் உழைத்தவை என்பவற்றைக் கூறுவதே மனு. இவ்விவரங்களைக் கடைசி வாரத்தில் திரட்ட இயலாது. ஒவ்வொரு தீயும் அணைந்த அன்றிரவே ஒருவர் குறித்து வைத்தல் வேண்டும். அதற்கென ஓர் அங்கத்தினரை நியமிப்பது, குழாய் பிடிக்க ஆள் நியமிப்பதற்கு ஒப்பான காரியமாகும்.

கடன் கேட்போர் மேலும் ஒன்றைக் கவனித்தல் நலம். 1,00,000 டாலரை 2 வட்டியில் 10 வருஷத்தில் அடைப்பதானால் வருஷந்தோறும் ஏறக்குறைய 11,100 டாலர் செலுத்த வேண்டும். நல்ல வருஷத்து வரவைக் கொண்டு இதனைக் கணிக்கலாகாது. வரவு குறைந்த வருஷத்தைக் கொண்டே கணித்தல் வேண்டும். உத்தரவு வருமுன் வாங்கிய பொருளுக்குப் பொதுவாக மானியம் கிடைப்பதில்லை என்பதையும் மறத்தலாகாது.

எனினும் குற்றம் முழுவதும் சங்கங்களுடையதன்று. பகலெல்லாம் உழுது, இரவில் தீயணைக்கச் செல்பவரிடம் ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனி மனு கேட்பது முறையோ? ஒரே விவரப் பத்திரத்தை எல்லா அலுவலகங்களும் ஏற்றுக் கொள்ளலாம். மனு எழுத உதவும் பணியை மாவட்ட விவசாய ஆலோசகர்களும் மேற்கொள்ளலாம். அதுவரையில் சங்கங்கள் காத்திராமல் இம்மாதமே ஒரு குறிப்புப் புத்தகத்தைத் தொடங்குதல் வேண்டும். அடுத்த கொட்டகை எரியும்பொழுது வண்டி உரிய காலத்தில் வந்து சேருவது அப்புத்தகத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடும்.