ரூட் கெனாலுக்கு 3டி ஸ்கேன் எல்லோருக்கும் தேவையா? எப்போது எடுக்கணும்?

"ரூட் கெனால் பண்ணணும், சிபிசிடி எடுத்துட்டு வந்துடுங்க." பல் மருத்துவமனைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சாதாரண பல் எக்ஸ்-ரேவைவிட பல மடங்கு செலவாகும் இந்த ஸ்கேன் எதற்கு?

எக்ஸ்-ரே ஒரு நிழல் படம்தான். முன்னால் உள்ள வேரும் பின்னால் உள்ள வேரும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிடும். சிபிசிடி கருவி தலையைச் சுற்றி வந்து படங்களை எடுக்க, கணினி அவற்றை முப்பரிமாணப் படமாக்கும். டாக்டர் அதை எந்தக் கோணத்திலும் மெல்லிய துண்டுகளாகப் பார்க்கலாம்.

இதன் அருமை தெரிவது கடைவாய்ப் பல்லில். மேல் வரிசை முதல் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக 3 வேர்கள். ஆனால் கன்னத்தை ஒட்டிய முன்பக்க வேருக்குள் பெரும்பாலும் 2 கால்வாய்கள் ஓடும். நூலிழை போன்ற அந்த நாலாவது கால்வாய் எக்ஸ்-ரேவில் எளிதில் சிக்காது. அதை விட்டுவிட்டால் கிருமி உள்ளேயே தங்கும். காசு செலவழித்து கேப்பும் போட்ட பிறகு அதே பல் மறுபடி வலிக்க இதுவும் ஒரு காரணம்.

அப்போ எல்லோரும் எடுத்துடலாமா? தேவையில்லை. அமெரிக்காவின் வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கமும் பல் கதிரியல் நிபுணர்களின் அமைப்பும் 2015-ல் புதுப்பித்த கூட்டு வழிகாட்டுதல், முதலில் சாதாரண எக்ஸ்-ரே என்றே சொல்கிறது. கூடுதல் கால்வாய் இருக்கலாம் என்ற சந்தேகம், அடைபட்ட கால்வாய், பழைய ரூட் கெனால் தோல்வி, வேர் கரைதல் போன்றவற்றுக்குத்தான் 3டி. ஒரே வேர் உள்ள முன்பல்லுக்கு பெரும்பாலும் எக்ஸ்-ரேவே போதும்.

கதிர்வீச்சு? இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்கு உலக சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது. சில பற்களை மட்டும் எடுக்கும் ஸ்கேனில் பல கருவிகள் தருவது சில பத்துகள்தான். முழு முகத்தையும் எடுத்தால் சில கருவிகளில் 1,000-ஐ எட்டலாம். ஒரு பல்லுக்காக முழுத் தாடையையும் எதற்கு எடுக்கணும்? 'எந்தப் பகுதி மட்டும்?' என்று கேட்பதில் தப்பே இல்லை. கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஸ்கேன் சொன்னால் வேதவாக்கும் இல்லை. உலோக கேப், வேருக்குள் வைத்த கம்பி, பழைய ரூட் கெனால் நிரப்பு எல்லாம் படத்தில் கோடு கோடாகச் சிதறும். இல்லாத விரிசல் இருப்பது போலவும் தெரியலாம், இருக்கும் விரிசல் மறையவும் செய்யலாம். அதனால் படத்தை மட்டும் காட்டி 'பல்லைப் பிடுங்கணும்' என்றால், இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஸ்கேன் சென்டரில் பிரிண்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். துண்டு துண்டாக நகர்த்திப் பார்க்க முழு ஃபைல் வேண்டும். சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி வையுங்கள். வேறு டாக்டரிடம் போனாலும் அதே ஸ்கேனைக் காட்டலாம்.