இரும்பு மட்டுமா எஞ்சின்?

தோழனே!

திருமலை மன்னர் மாளிகையின் தூண்களை அண்ணாந்து பார்க்க நாள்தோறும் கூட்டம் கூடுகிறது. கூடட்டும், நமக்கும் பெருமைதான். ஆனால், அதே மதுரைக்கு 1875-ல் வந்து சேர்ந்ததே புகைவண்டி, அதற்கு என்ன மரியாதை? மன்னன் ஏறிய பல்லக்கு அரும்பொருள். மக்கள் ஏறிய வண்டி பழைய இரும்பா?

1928-ல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் பாதை போட்டார்கள். மலையில் விளைந்த ஏலமும் தேயிலையும் இறங்கி வர வேண்டுமே! போர் வந்தது, 1942-ல் வண்டியை நிறுத்தினார்கள், தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தார்கள். விடுதலைக்குப் பின், 1950-களில்தான் மீண்டும் ஓடியது. உசிலம்பட்டிச் சந்தைக்குப் போனவனும், ஆண்டிப்பட்டியில் மூட்டையோடு ஏறியவளும் அதில்தான் பயணம் செய்தார்கள். 2010 முடிவோடு மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அகலப்பாதை தேனியைத் தொட்டது 2022-ல், போடியைத் தொட்டது 2023-ல். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப்படிப்பையே முடிக்கும் காலம் காத்திருந்தது தேனிச் சீமை! அகலப்பாதை வேண்டாம் என்பவனல்ல நான். வரட்டும், விரைந்து வரட்டும். போன வண்டியின் சுவடு எங்கே என்றுதான் கேட்கிறேன்.

திருச்சியில் 2014-ல் இரயில்வே அருங்காட்சியகம் திறந்தார்கள். சென்னைப் பெரம்பூரிலும் உண்டு. மதுரைச் சமவெளியின் கதையைச் சொல்ல மதுரையிலும் வேண்டும் என்பது பேராசையா?

எஞ்சினுக்குப் புது வண்ணம் பூசி, சுற்றிலும் பூச்செடி வைத்துவிட்டால் போதாது. நாடகக்காரன் நான், அட்டை எஞ்சினை மேடையில் நிறுத்தியே கைதட்டல் வாங்கியவன். ஆகவே சொல்கிறேன், காட்சிப்பொருள் வேறு, வரலாறு வேறு! கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவன் யார்? நள்ளிரவு மழையில் கைவிளக்கோடு தண்டவாளம் பார்த்து நடந்தவன் யார்? 1928-ல் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பக்கம் நின்று சிறை சென்றார் சிங்காரவேலர். 1946 செப்டம்பர் 5-ல் திருச்சி பொன்மலையில், போராடிய தொழிலாளர் மீது துப்பாக்கி பாய்ந்தது, ஐவர் மாண்டனர். எஞ்சினின் எடையை எழுதும் பலகையில் இவற்றுக்கு இடம் உண்டா?

பாம்பனைப் பார்! 1914-ல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதியை, கப்பல் வரும்போதெல்லாம் கைவலுவால் சுழற்றித் திறந்தவர்கள் தொழிலாளர்கள். 2022 டிசம்பரோடு அதில் வண்டி நின்றது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தது. அந்த இரும்புக் கைகளையேனும் உலைக்கு அனுப்பாமல் காக்க வேண்டாமா?

கோரிக்கையை இரயில்வே வாரியத்துக்கு நாம் அனுப்புவோம். அதுவரை, உசிலம்பட்டியிலும் தேனியிலும் மண்டபத்திலும் உள்ள தோழர்களே, ஓய்வுபெற்ற ஓட்டுநரை, கேங்மேனைத் தேடிப் போங்கள். பரணில் கிடக்கும் கைவிளக்கையும், பழைய அட்டைப் பயணச்சீட்டையும் எடைக்குப் போட வேண்டாமென்று சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை, சொன்னபடியே எழுதி, அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.