கோரிக்கை மனு: எங்கள் படகின் தடப்பதிவு எங்களுக்கும் வேண்டும்

அனுப்புநர்
செயலாளர்,
மீனவர் சங்கம்,
பாம்பன் – ராமேஸ்வரம் கடற்கரை,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மீன்வளம், கடலோரப் பாதுகாப்பு, ரயில்வே, நெடுஞ்சாலை ஆகிய துறைகளின் உரிய அலுவலர்கள்.

பொருள்: மீன்பிடிப் படகுகளில் பொருத்தப்படும் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரின் தடப்பதிவை, கைதாகும் மீனவரின் குடும்பத்துக்கு 48 மணி நேரத்துக்குள் வழங்கக் கோருதல் மற்றும் பிற கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை:
1. மீனவர் குறைதீர் கூட்டத்தில் நேரில் அளித்த எங்கள் மனு.
2. மீன்பிடித் தடைக்காலத்தில் அனுப்பிய நினைவூட்டுக் கடிதம்.
3. அந்த நினைவூட்டுக்கு அனுப்பிய மறு நினைவூட்டு.
4. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாங்கள் அளித்த விண்ணப்பமும், அதற்கு வந்த ஒரு வரிப் பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

விசைப்படகு உரிமையாளர், ஓட்டுநர், கடல் தொழிலாளர், நாட்டுப்படகு மீனவர் ஆகியோரை உறுப்பினராகக் கொண்டது எங்கள் சங்கம்.

முன்னர் எழுதியவை

பார்வை 1-இல் கண்ட மனுவில் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டால், அது பிடிபட்ட நேரத்தில் எங்கே நின்றது என்பதைக் கரையில் உள்ள கணினிப் பதிவைப் பார்த்துக் குடும்பத்துக்கு எழுத்தில் தர வேண்டும். மனு பெறப்பட்டதற்கு முத்திரை கிடைத்தது. பார்வை 2-க்கு, "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. பார்வை 3-க்கு, "மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று வந்தது. யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைக் கடிதம் சொல்லவில்லை, நேரில் போய்க் கேட்டபோதும் யாரும் சொல்லவில்லை. பார்வை 4-க்கு, பாதுகாப்புக் காரணங்களால் வழங்க இயலாது என்று ஒரு வரி வந்தது. எந்தப் பிரிவின்கீழ் மறுக்கப்பட்டது, யாரிடம் மேல்முறையீடு செய்வது என்ற இரண்டும் அதில் இல்லை. மறுக்கும்போது காரணத்தையும், மேல்முறையீட்டுக் காலக்கெடுவையும், மேல்முறையீட்டு அலுவலர் யார் என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(8) பிரிவு சொல்கிறது. ஆகவே முன்பு எழுதியவற்றையே மீண்டும், இம்முறை சட்டப் பிரிவுகளை விளக்கி, எழுத வேண்டியதாயிற்று. நீளத்துக்குப் பொறுத்தருள்க.

கருவி வந்த காரணம்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் எல்லை கரையோரத்தோடு முடிந்துவிடும். விஎச்எஃப் கருவி எட்டும் தூரத்துக்கும் ஓர் அளவு உண்டு. அதற்கு அப்பால் போன படகுக்குக் கரை என்பது இல்லாமலே போனது. செயற்கைக்கோள் வழியாகப் படகோடு பேச வேண்டும் என்ற வேலை அதன் பிறகே வேகம் பிடித்தது.

2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்த கப்பல் தொடர்பு மற்றும் உதவித் திட்டத்தின்படி, 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1 லட்சம் படகுகளுக்கு, சுமார் 360 கோடி ரூபாய்ச் செலவில், டிரான்ஸ்பாண்டர் பொருத்தப்படுகிறது. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பம். படகில் உள்ள கருவி செயற்கைக்கோளோடு பேசும். மீனவரின் கைப்பேசியில் உள்ள நபமித்ரா செயலி கருவியோடு பேசும். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் கரைக்குத் தெரியும். கரையிலிருந்து வானிலை எச்சரிக்கை வரும். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை வரும்.

இவை நல்ல வசதிகள். எங்கள் சங்கம் கருவியை எதிர்க்கவில்லை; எதிர்ப்பதாகச் சொல்லப்படுவது உண்மையன்று. கருவி இருவழித் தொடர்புக்கானது என்று அரசே அறிவித்திருக்கிறது. நாங்கள் கேட்பது அந்த இரண்டாவது வழியைத்தான்.

முதன்மைக் கோரிக்கை

பாக் நீரிணையின் இந்தப் பகுதியில் கடல் குறுகியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீட்டர்கூட இல்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஜூன் உடன்படிக்கையில் பாக் நீரிணையிலும், 1976 மார்ச் உடன்படிக்கையில் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக் கோடு விழுந்தது. சட்டம் விட்ட 3 மைலுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைப்பட்ட துண்டுக் கடல்தான் எங்கள் தொழிலிடம். மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு மாலைக்குள் புறப்படும் படகு, இரவு மடியை இழுக்கும் நேரத்தில் அந்தக் கோட்டுக்கு அருகில்தான் நிற்கும்.

எல்லையைத் தாண்டுவதே இல்லை என்று இம்மனு சொல்லவில்லை. மீன்பாட்டைத் தேடித் தெரிந்தே போகிற படகு உண்டு. இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டுப் போன படகு உண்டு. நம் பக்கத்தில் நின்றபோதே பிடித்துப் போனார்கள் என்று சொல்கிற படகும் உண்டு. இன்று இந்த மூன்று படகுக்கும் ஒரே நிலைமை: இலங்கையின் மன்னார் அல்லது ஊர்காவற்றுறை நீதிமன்றம், அதன் பிறகு காவல் நீட்டிப்பு, அதன் பிறகு அபராதம் அல்லது சிறை. இலங்கையின் 1979-ஆம் ஆண்டு வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டு, அபராதம் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. படகை ஓட்டியவருக்குக் கூடுதல் தண்டனை. படகு நாட்டுடைமை.

இந்த மூன்றையும் பிரித்துக் காட்டக்கூடிய ஒரே சான்று தடப்பதிவு. எந்த நேரத்தில் எந்த இடத்தில் நின்றது, எவ்வளவு வேகத்தில் போனது, இயந்திரம் நின்றபின் எந்தத் திசையில் மிதந்தது என்பதை அது சொல்லும். ஆனால் படகு பிடிபடும்போது கருவியும் ஜிபிஎஸ்ஸும் கைப்பேசியும் படகோடு போய்விடும். அக்கரையில் மயிலிட்டியிலோ காரைநகரிலோ கட்டிப்போட்ட படகுக்குள் இருக்கும் கருவியை, விசாரணைக் காவலில் இருக்கும் ஓட்டுநரால் எடுத்துக் காட்ட முடியாது. இக்கரையில் உள்ள கணினியில் இருக்கும் பதிவு ஒன்றுதான் மிச்சம். அதைக் கேட்டால்தான் இல்லை என்கிறார்கள்.

இதே தடப்பதிவு எங்கள்மீது நடவடிக்கைக்குப் பயன்படும் என்ற அச்சம் எங்கள் உறுப்பினர்களிடம் உண்டு. எல்லை தாண்டியதாகப் பதிவு சொன்னால் டோக்கன் நிறுத்தம், டீசல் மானியம் நிறுத்தம் என்று கூட்டங்களில் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. குற்றம் சுமத்த எடுக்கக்கூடிய பதிவை, குற்றமில்லை என்று காட்ட மட்டும் எடுக்க முடியாது என்பது எந்த நியாயம்? வங்கியில் பணம் போடுபவனுக்குப் பாஸ்புக் தருகிறார்கள். எங்கள் கணக்கு மட்டும் உங்கள் பீரோவில் பூட்டியிருக்கிறது.

நாங்கள் நம்பியிருக்கும் விதி

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 7(1). சாதாரணத் தகவலுக்கு 30 நாள். ஆனால் கேட்கப்படும் தகவல் ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்ததானால், விண்ணப்பம் பெற்ற 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வெளிநாட்டுச் சிறையில் இருக்கும் மனிதனின் இடப்பதிவு அவனுடைய சுதந்திரம் சார்ந்த தகவல் இல்லையென்றால், வேறு எது? இந்தப் பிரிவை எங்கள் மனுக்கள் ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறோம். இதுவரை வந்த எந்தப் பதிலும் இந்தப் பிரிவைத் தொடவே இல்லை.

பாதுகாப்பு என்று சொல்லும்போது 8(1)(அ) பிரிவு மனத்தில் இருக்கலாம். நாட்டின் பாதுகாப்புக்கோ அயல்நாட்டு உறவுக்கோ ஊறு விளைவிக்கும் தகவலைத் தர வேண்டாம் என்பது அது. அதற்கு எங்கள் பதில்:

அ) எல்லாப் படகின் பதிவையும் நாங்கள் கேட்கவில்லை. கடலோரக் காவல் கப்பல் எங்கே நிற்கிறது என்றும் கேட்கவில்லை. ஒரு படகு, ஒரு நாள், அந்தப் படகின் உரிமையாளரோ கைதானவரின் குடும்பமோ கேட்கிறார்கள்.

ஆ) மறுக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை நீக்கிவிட்டு மீதியைத் தரலாம் என்று பிரிவு 10 வழி சொல்கிறது.

இ) விலக்குப் பெற்ற தகவலாயினும், காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் மிகுந்திருந்தால் தரலாம் என்று பிரிவு 8(2) அனுமதிக்கிறது.

ஈ) மேல்முறையீட்டில், மறுத்தது சரி என்று நிறுவும் பொறுப்பு மறுத்த அலுவலருடையது என்கிறது பிரிவு 19(5). கேட்டவருடையது அன்று.

படகின் இடம் அயல்நாட்டு உறவைக் கெடுக்கும் என்ற வாதமும் நிற்காது. எங்கள் படகை எங்கே பிடித்தோம் என்று இலங்கைக் கடற்படை நீதிமன்றத்தில் சொல்லத்தான் செய்கிறது. அவர்கள் சொல்லும் இடம் வெளிப்படை. நம்மிடம் உள்ள இடம் மட்டும் இரகசியம். மேலும் இத்தகைய பதிவின் மதிப்பு இலங்கை அறியாததன்று. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தபோது, அந்நாடு தன் ஆழ்கடல் படகுகளில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி பொருத்தியது. 2016-இல் தடை நீங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கருவியின் சொல்லை ஐரோப்பாவிடம் சான்றாக வைத்த நாட்டின் நீதிமன்றத்தில் எங்கள் கருவியின் சொல்லையும் வைத்துப் பார்க்கலாம்.

பதிவு எங்களுக்கு எதிராகவும் பேசும் என்பதை அறிந்தே கேட்கிறோம். எங்கள் இழுவைமடியால் தங்கள் வலை அறுபடுகிறது என்று அக்கரைத் தமிழ் மீனவர் சொல்லும் குறையையும் அறிவோம். தாண்டியவர் தாண்டினார் என்று பதிவு சொன்னால் சொல்லட்டும். தாண்டாதவர் அவரோடு சேர்ந்து சிறையில் இருக்கக் கூடாது.

ஆகவே கோருவது:

1. கைதுச் செய்தி வந்தவுடன், அப்படகின் முந்தைய 24 மணி நேரத் தடப்பதிவு அழியாதபடி தனியே சேமிக்கப்பட வேண்டும்.

2. குடும்பத்தினர் அல்லது சங்கம் விண்ணப்பித்த 48 மணி நேரத்துக்குள், அலுவலர் கையொப்பமும் முத்திரையும் இட்ட நகல் தமிழிலும் ஆங்கிலத்திலும் தரப்பட வேண்டும்.

3. அதே நகல் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் அனுப்பப்பட வேண்டும்.

4. தடப்பதிவின் அடிப்படையில் டோக்கனோ மானியமோ நிறுத்தப்படுமானால், அதே பதிவின் நகலைக் கொடுத்து, விளக்கம் கேட்ட பிறகே நிறுத்தப்பட வேண்டும்.

5. எல்லை எச்சரிக்கை வந்தபின் இயந்திரப் பழுது என்று ஆபத்துப் பொத்தானை அழுத்திய படகு, எல்லை தாண்டிய படகாகக் கருதப்படக் கூடாது. அழுத்திய நேரமும், கரையிலிருந்து பதில் போன நேரமும் பதிவில் இருக்க வேண்டும்.

பிற கோரிக்கைகள்

6. டிரான்ஸ்பாண்டர் திட்டம் விசைப்படகுக்கும் மோட்டார் பொருத்திய படகுக்கும் ஆனது. மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு, வல்லம், வத்தை ஆகியவற்றுக்கும் விடுபடாமல் கருவி வழங்க ஆவன செய்யுமாறு.

7. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் தளங்களில் கருவிப் பழுது நீக்கும் முகாம் நடத்துமாறு.

8. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிய தடை எல்லையைச் செயலியில் தமிழில் காட்டுமாறு.

9. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி, படகுகளுக்காக உயர்த்தப்படும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே குறுஞ்செய்தியில் தெரிவிக்குமாறு.

10. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் கடலில் போனது. பிற்காலத்தில் பழைய பாலத்தில் காற்றுமானி வைத்து, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு விழும்படி செய்திருந்தார்கள். புதிய பாலத்தின் காற்றுமானி காட்டும் அளவைப் படகுகளின் கருவிக்கும் அனுப்புமாறு.

11. மதுரை – ராமேஸ்வரம் நெடுஞ்சாலையிலும் பாம்பன் சாலைப் பாலத்திலும் நெரிசல், காற்று நிலவரம் காட்டும் மின்னணுப் பலகை அமைத்து, மீன் லாரிகள் ஐஸ் உருகும்வரை காத்துக் கிடப்பதைத் தவிர்க்குமாறு.

12. கடலோரக் காவல் படையின் 1554, கடலோரக் காவல் நிலையத்தின் 1093 ஆகிய எண்களை ஒவ்வொரு டோக்கனிலும் அச்சிடுமாறு.

6 முதல் 12 வரையுள்ளவற்றை அந்தந்தத் துறை அதனதன் வசதிப்படி செய்யலாம். 1 முதல் 5 வரையுள்ளவற்றுக்கு வசதி பார்க்க நேரமில்லை. அடுத்த கைது எந்த இரவு என்று யாருக்கும் தெரியாது.

இம்மனுவோடு விண்ணப்பப் படிவம் ஒன்றை இணைத்திருக்கிறோம். படகின் பதிவு எண், புறப்பட்ட தளம், கடைசியாகத் தொடர்பு கிடைத்த நேரம், விண்ணப்பிப்பவரின் உறவுமுறை என்று நான்கே கட்டங்கள். இந்தப் படிவத்தை எந்த அலுவலகத்தில், எந்த அலுவலரிடம், ஞாயிற்றுக்கிழமையானால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். தெரிவிக்கப்படாவிட்டால், பார்வை 4-இல் கண்ட மறுப்பின்மீது மாநிலத் தகவல் ஆணையம் வரை மேல்முறையீடு செய்யச் சங்கத்தின் பொதுக்குழு தீர்மானித்துள்ளது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்கத்துக்காக)

இணைப்பு: 1. தடப்பதிவு கோரும் விண்ணப்பப் படிவம். 2. பார்வையில் கண்ட கடிதங்களின் நகல்கள், பெற்றுக்கொண்ட முத்திரைகளுடன்.